ஓலையில் ஏறாத பெயர்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் ஆட்சிக்காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றி வகுப்பிற் பேசாத தமிழாசிரியர் அரியர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. எந்த ஓலையில் எவர் பெயர் உள்ளது என்றறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு அவற்றுள் ஒன்றை எடுக்கச் செய்தனர். இம்முறையின் நேர்மையை நாம் வியந்து பேசுகின்றோம், வியக்கத்தக்கதே. ஆயினும் அதே கல்வெட்டு மற்றொன்றையும் கூறுகின்றது. கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவன், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவன், முப்பத்தைந்து அகவைக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் உள்ளவன், வேதநூற் பயிற்சி உடையவன் ஆகியோரின் பெயரே ஓலையில் ஏறும். குடத்திற் கையிடும் சிறுவன் எத்துணைக் கள்ளமற்றவனாயினும், ஓலையில் ஏறாத பெயரை அவனால் எடுத்துத்தர இயலாது.

இக்காலத்துக் குடவோலை ஒன்றைப் பற்றி ஈண்டு ஆராய விரும்புகின்றேன். பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் மாணவரை, அவர்தம் கல்லூரிக்கே சென்று தேர்வும் நேர்காணலும் நடத்தி, படிப்பு முடியுமுன்னரே வேலைக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. வளாக நேர்காணல் என்று நாம் எழுதினாலும், தமிழ்நாட்டில் ‘கேம்பஸ் இன்டர்வியூ’ என்றால்தான் வீட்டிலுள்ளோர்க்கு விளங்கும். அங்கே பொறியியற் கல்லூரி தேடும் பெற்றோர், அங்குக் கற்பிக்கும் பேராசிரியர் யாவர் என்று கேட்பது அரிது. எந்தெந்த நிறுவனங்கள் வருகின்றன என்றே முதலிற் கேட்கின்றனர். நேர்காணல் அறைக்குள் நடப்பன யாவும் நேர்மையாகவே நடக்கின்றன எனக் கொள்வோம். அங்கே அனைவர்க்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே அளவுகோல். ஆனால், எந்தக் கல்லூரிகளுக்குச் செல்வது என்னும் பட்டியல் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வேறோர் அறையில் எழுதப்பட்டுவிடுகின்றது. அப்பட்டியலை எழுதுவோர்க்கு, அதில் இடம்பெறாத கல்லூரியிற் பயிலும் மாணவன்பால் ஏதேனும் கடமை உண்டா? இதுவே நம்முன் உள்ள வினா.

பட்டியல் எங்ஙனம் உருவாகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கல்லூரியின் தரம் ஒன்றே அளவுகோல் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. அக்கல்லூரியிற் சேரும் மாணவர் நுழைவின்போது பெற்ற மதிப்பெண் எவ்வளவு, சென்ற ஆண்டுகளில் அங்கிருந்து எடுக்கப்பட்டவர் எவ்வாறு பணியாற்றினர், எத்தனைப் பேர் ஓராண்டுக்குள் வேலையை விட்டகன்றனர் என்பன நோக்கப்படுகின்றன. இவற்றோடு, ஒரே நாளில் ஐம்பது பேரையாவது எடுத்துச் செல்லும் அளவிற்கு மாணவர் தொகை உள்ளதா, இணையவழித் தேர்வுக்குப் போதிய கணினிகள் உள்ளனவா, வானூர்தி நிலையத்திலிருந்து எத்தனை மணி நேரப் பயணம், நிறுவனத்தின் மேலதிகாரிகளுள் அக்கல்லூரியின் பழைய மாணவர் எவரேனும் உளரா என்பனவும் நோக்கப்படுகின்றன. இன்னொன்று பலர் அறியாதது. ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கும் மென்பொருட் சேவை நிறுவனங்கள் மிகச் சிறந்த கல்லூரிகளை வேண்டுமென்றே தவிர்ப்பதுண்டு. தாம் தரும் ஊதியத்தை அங்குள்ளோர் ஏற்கமாட்டார் என்பதே காரணம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் ஆண்டுதோறும் டிசம்பர் முதல் நாள் வேலைத்தேர்வு தொடங்கும்போது, முதல் நாளிலேயே இடம்பெறப் பெருநிறுவனங்கள் தமக்குள் போட்டியிடுகின்றன. அதே வேளையில், மாவட்டத் தலைநகரிலிருந்து முப்பது கல் தொலைவில் உள்ள ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர், எவரேனும் ஒருவர் வந்து பார்க்கமாட்டாரா என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றார். ஆகவே, பட்டியல் என்பது தகுதியின் வரிசை மட்டுமன்று, வசதியின் வரிசையுமாகும்.

வேலை தருவோரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே நேர்மை. தமிழ்நாட்டில் 1984 ஆம் ஆண்டுமுதல் தனியார் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் இடம்பெறலாயின. 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மாநிலத்துப் பொறியியற் கல்லூரிகளின் தொகை ஐந்நூற்றைக் கடந்திருந்தது. ஒரு நிறுவனத்தில் ஆள்தேர்வுக்கென இருப்போர் பதின்மர் அல்லது இருபதின்மர். அவர்கள் ஐந்நூறு கல்லூரிகளின் வாயிலையும் மிதிக்க இயலுமா? எங்கே கோடு கிழித்தாலும் கோட்டுக்கு அப்பால் சிலர் நிற்கவே செய்வர். பள்ளி நாடகத்துக்கு நடிகரைத் தேடும் ஆசிரியரும் தமக்குப் பழக்கமான வகுப்பிற்குத்தானே முதலிற் செல்கின்றார்? மேலும், தம் பொருளைச் செலவிட்டுத் தமக்கு வேண்டிய ஆளைத் தேடும் ஒருவர், தாம் காணாத ஒருவர்க்கு என்ன கடன் பட்டார்? அவர் எவரையும் ஏமாற்றவில்லை. எவர் உரிமையையும் பறிக்கவில்லை. இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ளிவிட முடியாது.

இங்கே நம் மொழி நமக்குத் துணைசெய்கின்றது. ‘தேர்தல்’ என்னும் சொல்லுக்கு ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என்னும் இரு பொருளும் உண்டு. ‘தேர்வு’ என்றால் பரீட்சை. தேர்வு என்றால் தெரிவும் அதுவே. ‘தெரிதல்’ என்பதும் அறிதலையும் ஆராய்தலையும் தேர்ந்தெடுத்தலையும் ஒருங்கே சுட்டும். திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உள்ளன; ஆராய்ந்து நம்புக, ஆராய்ந்து பணியில் அமர்த்துக என்பன அவற்றின் கருத்து. ஆராயாமல் எடுத்துக்கொள்வதைத் தேர்வு என்று தமிழர் சொல்லவில்லை. ஆராயாமல் விட்டுவிடுவதை என்னென்று சொல்வது? கல்லூரிப் பட்டியல் செய்வது இதுதான். பட்டியலுக்குள் இருப்பவன் ஆராயப்பட்டு எடுக்கப்படுகின்றான், அல்லது ஆராயப்பட்டு விடப்படுகின்றான். பட்டியலுக்கு வெளியே இருப்பவன் ஆராயப்படாமலே விடப்படுகின்றான்.

இருவர்க்கும் முடிவு ஒன்றுதானே, வேலை கிடைக்கவில்லை என்பதுதானே என்று கேட்கலாம். ஒன்றன்று. நேர்காணலில் தோற்றவனுக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது. கணக்கிற் பிழைத்தான், பேச்சிற் தடுமாறினான், அவனினும் சிறந்தவன் ஒருவன் இருந்தான்: ஏதோ ஒன்று அவனைப் பற்றிய செய்தி. அதைக் கொண்டு அவன் தன்னைத் திருத்திக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு மீண்டும் வரலாம். எவரும் வாராத கல்லூரியில் இருப்பவனுக்குக் கிடைப்பது அவனைப் பற்றிய செய்தியன்று. மூன்றாம் ஆண்டிற் படிக்கும் ஒருவன் எவ்வளவு முயன்றாலும் தான் சேர்ந்த கல்லூரியின் பெயரை மாற்ற முடியாது. தன் முயற்சியால் மாற்றக்கூடிய ஒன்றை அடிப்படையாக வைத்து மறுக்கப்படுவதும், மாற்றவே இயலாத ஒன்றை அடிப்படையாக வைத்து மறுக்கப்படுவதும் அறத்தின் முன் ஒரே தட்டில் நிற்பன அல்ல.

கல்லூரியின் பெயர் ஏதோ ஓர் உண்மையைச் சொல்கின்றதே, அதனால்தானே அதை நம்புகின்றனர் என்னும் எதிர்வாதம் எழும். என்ன உண்மையைச் சொல்கின்றது? அமெரிக்கப் பொருளியலறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று இவ்விடத்திற் பயன்படும். இத்துறைப் பணிக்காகவே பின்னர் 2001 இல் இருவரோடு சேர்ந்து அவர் நோபெல் பரிசு பெற்றார். வேலை தருபவர்க்கு விண்ணப்பதாரரின் திறமை கண்ணுக்குத் தெரிவதில்லை, பட்டம் தெரிகின்றது. எனவே பட்டம் திறமையின் அறிகுறியாகக் கொள்ளப்படுகின்றது. அந்தப் படிப்பு ஒருவரின் திறமையைச் சிறிதும் வளர்க்காவிட்டாலும் அறிகுறியாக நிற்க முடியும் என்பது அவர் காட்டிய வியப்பான உண்மை. ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு: அவ்வறிகுறியைப் பெறுவது திறமையுள்ளோர்க்கு எளிதாகவும், திறமையற்றோர்க்கு அரிதாகவும் இருத்தல் வேண்டும். அதைப் பெறுவதன் எளிமையும் அருமையும் தந்தையின் பணப்பையைப் பொறுத்ததாயின், அறிகுறி திறமையை விட்டுப் பணப்பையைச் சுட்டத் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டிற் பொறியியல் நுழைவுத்தேர்வு 2007 ஆம் ஆண்டுமுதல் நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பிற் கணிதத்துக்கு நூறும், இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பதைம்பதுமாக இருநூற்றுக்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்ணைக் கொண்டே கலந்தாய்வில் இடம் தரப்படுகின்றது. அரை மதிப்பெண் வேறுபாட்டிற் பல நூறு பேர் முன்பின்னாகி விடுவர். ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவள் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கின்றாள். சென்னையிற் கிண்டியில், 1794 இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பழம்பெருங் கல்லூரியிலேயே அவளுக்கு இடம் கிடைக்கக்கூடும். ஆனால் விடுதிக் கட்டணம் கட்ட இயலாது. அல்லது, பெண்பிள்ளையை அவ்வளவு தொலைவு அனுப்ப வீட்டார் இசையவில்லை. காலையிற் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பக்கூடிய கல்லூரியை அவள் எடுத்துக்கொள்கின்றாள். நான்காண்டுகள் கழித்து ஒரு நிறுவனம் அக்கல்லூரியைப் பட்டியலிலிருந்து விலக்கும்போது, அவளுடைய திறமையைப் பற்றிய தீர்ப்பையா எழுதுகின்றது? பேருந்துக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு தந்தையின் அச்சத்தைப் பற்றியும் அல்லவா எழுதுகின்றது?

பட்டியலுக்குள் இருப்போர்க்கும் பழைய வினைகள் தொடரவே செய்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றிலும் அறுபது விழுக்காடு வேண்டும், நிலுவைத் தாள் ஒன்றுகூட இருத்தலாகாது என்பது பல நிறுவனங்களின் விதி. தமிழ்நாட்டு மாணவர் அதை ‘அரியர்’ என்பர். பதினைந்து வயதிற் காய்ச்சலோடு எழுதிய தேர்வு இருபத்திரண்டு வயதிலும் ஒருவனைத் துரத்தி வருகின்றது.

அமெரிக்காவில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். லாரன் ரிவேரா என்னும் சமூகவியலறிஞர், அந்நாட்டின் முன்னணி முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் சட்ட நிறுவனங்களும் ஆளெடுக்கும் முறையை ஆராய்ந்து 2015 இல் ‘பெடிகிரி’ என்னும் நூலை வெளியிட்டார். அந்நிறுவனங்கள் நேரிற் சென்று முழு முயற்சியோடு ஆளெடுக்கும் சில பல்கலைக்கழகங்களையும், ஓரளவு கவனம் செலுத்தும் வேறு சிலவற்றையும் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு வெளியிலிருந்து வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் படிக்கப்படுவதே இல்லை, உள்ளே இருப்பவர் எவரேனும் கைதூக்கி விட்டாலொழிய. விண்ணப்பிக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. படிக்கப்படும் பேறுதான் எல்லார்க்கும் இல்லை. ஜான் ரால்ஸ் 1971 இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில், பதவிகள் பெயரளவில் யாவர்க்கும் திறந்திருப்பது வேறு, ஒத்த திறமையும் ஊக்கமும் உடையோர்க்கு அவர் பிறந்த குடும்பம் எதுவாயினும் ஒத்த வாய்ப்பு இருப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். மூடிய உறைகளாகக் கிடக்கும் அவ்விண்ணப்பங்களைவிட இவ்வேறுபாட்டுக்குத் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

சிறந்த கல்லூரி மாணவனை உண்மையிலேயே சிறந்தவனாக்குகின்றது, ஆகவே பட்டியல் நியாயமானதே என்பாரும் உளர். ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகிய இருவரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தரத்துக் கல்லூரிகள் இடமளித்த மாணவர்களையே எடுத்துக்கொண்டு, அவர்களுள் மிகப் புகழ்பெற்ற கல்லூரிக்குச் சென்றவரையும் அவ்வாறு செல்லாதவரையும் ஒப்பிட்டனர். பிற்கால வருமானத்தில் இரு சாராரிடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் புகழ்பெற்ற கல்லூரியாற் பயன் விளைந்திருந்தது. ராஜ் செட்டி முதலிய மூவர் 2023 இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதையே சொல்லிப் பின்னர் ஒரு படி மேலே செல்கின்றது: பன்னிரு உயர் கல்லூரிகளுள் ஒன்றிற் பயில்வதாற் சராசரி வருமானம் பெரிதாக உயரவில்லை, ஆனால் வருமானத்தில் நாட்டின் உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினருள் ஒருவராகும் வாய்ப்பும், பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை பெறும் வாய்ப்பும் வெகுவாக உயர்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குங்கால், கல்லூரி ஆளை மாற்றியதைவிட வாயிலைத் திறந்ததே மிகுதி என்று எனக்குப் படுகின்றது. அவ்வாயிலைத் திறந்து வைத்திருப்பவர் பட்டியல் எழுதுவோரேயன்றோ?

பட்டியல் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் தன்மையும் உடையது. நிறுவனங்கள் வரும் கல்லூரியையே நல்ல மாணவர் நாடுகின்றனர்; நல்ல மாணவர் இருப்பதனால் நிறுவனங்கள் மீண்டும் வருகின்றன. வாராத கல்லூரியில் ஆண்டுக்காண்டு சேர்க்கை குறைகின்றது. குறையக் குறைய, நாம் அன்று போகாதது சரிதான் என்று பட்டியல் எழுதியவர் மனநிறைவு கொள்கின்றார். நீர் ஊற்றாத செடி வாடிற்று. வாடிய செடிக்கு நீர் எதற்கு என்பது போன்ற வாதம் இது. மிச்சப்பட்டதாகச் சொல்லப்படும் செலவும் உண்மையில் மிச்சப்படவில்லை, இடம் மாறியிருக்கின்றது. நிறுவனத்தார் பேருந்தேறி அக்கல்லூரிக்குச் செல்லவில்லை. ஆகவே அக்கல்லூரியின் மாணவன் படிப்பு முடிந்தபின் இரவுப் பேருந்தேறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று, நாலைந்து பேரோடு ஓர் அறையில் தங்கி, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டி, வாயில்தோறும் ஏறி இறங்குகின்றான். தாங்கும் வலிமை மிக்கவரிடமிருந்து, தாங்கும் வலிமை குறைந்தவரிடம் சுமை இறக்கப்பட்டிருக்கின்றது.

நம் பக்கத்திலேயே இதற்கொரு வரலாறு உண்டு. சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் 1956 ஆம் ஆண்டில் வகுப்புகளைத் தொடங்கியது. செல்வர்கள் கொடுத்த பெருந்தொகையோடு, மிதிரிக்‌ஷா ஓட்டுநர் தம் ஒருநாள் வருவாயைக் கொடுத்தும் எழுப்பிய சீனமொழிப் பல்கலைக்கழகம் அது. பிரெஸ்காட் தலைமையிலான குழு 1959 இல் அதனை ஆராய்ந்து, அதன் பட்டங்களைப் பிற பட்டங்களுக்கு நிகராக ஏற்கப் பரிந்துரைக்கவில்லை. 1968 வரை சிங்கப்பூர் அரசு அப்பட்டங்களை அங்கீகரிக்கவில்லை. குழுவினர் நூலகத்தையும் பாடத்திட்டத்தையும் பார்த்து எழுதிய குறைகளிற் பல உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் நிறுவனத்தைப் பற்றிய அத்தீர்ப்பை, அங்கிருந்து வெளிவந்த பட்டதாரி ஒவ்வொருவரும் தம் முதுகிற் சுமந்து திரிய நேர்ந்தது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மேலே வந்தவர்க்கு இவ்வனுபவத்தை விளக்கவேண்டுவதில்லை.

ஐந்து பேர் வேலைசெய்யும் பட்டறையின் உரிமையாளர், தமக்குத் தெரிந்த தொழிற்பள்ளியிலிருந்து ஒருவனை அழைத்துக்கொள்வதை நான் குறைகூறமாட்டேன். அவர் ஊரெல்லாம் தேடவேண்டும் என்பது கொடுமை. ஓராண்டில் பல்லாயிரவரை எடுக்கும் நிறுவனத்தின் நிலை வேறு. அது எங்கே செல்கின்றது என்பதைப் பொறுத்துக் கல்லூரிகள் எழுகின்றன, வீழ்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளைகளின் குடும்பங்கள் கடன்படுகின்றன. அதன் தனி விருப்பம் ஊர் முழுமைக்கும் விதியாகிவிடுகின்றது. விதியாகும் அளவுக்கு ஒருவரின் விருப்பம் பெருகிவிட்டால், விதி வகுப்போர்க்குரிய கடமையும் அவரைச் சேரும் என்பதே என் கருத்து.

அக்கடமையை நிறைவேற்ற முடியாது என்பதும் உண்மையன்று. எர்னஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் பிரிட்டன் கிளை, பட்டத்தின் தரத்தையும் பள்ளி மதிப்பெண்ணையும் நுழைவுத் தடையாக வைக்கும் விதியை நீக்குவதாக 2015 இல் அறிவித்தது. பல்கலைக்கழகத்திற் பெற்ற வெற்றிக்கும் பின்னர்த் தொழில்முறைத் தேர்வுகளிற் பெறும் வெற்றிக்கும் தொடர்பிருப்பதாகத் தன் ஆய்வில் தெரியவில்லை என்று அது கூறியது. அதே ஆண்டில் டெலாய்ட் நிறுவனம், விண்ணப்பதாரரின் பல்கலைக்கழகப் பெயரை நேர்காணல் செய்வோர் அறியாதவாறு மறைக்க முடிவுசெய்தது. இந்தியாவில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 2018 ஆம் ஆண்டில், குறித்த சில கல்லூரிகளுக்கு மட்டும் செல்லும் பழக்கத்தை மாற்றி, நாடெங்கிலும் உள்ள பொறியியல் மாணவர் எழுதத்தக்க இணையவழித் தேர்வைத் தொடங்கியது. இத்தேர்வுகளிலும் குறையுண்டு. ஆங்கிலம் வீட்டிற் பேசப்படாத பிள்ளைக்கும், கணினியைக் கல்லூரியில் மட்டுமே தொடும் பிள்ளைக்கும் அவை சமமான களமல்ல. ஆயினும் பெயர் ஓலையில் ஏறுகின்றது. உத்தரமேரூர்ச் சபையாரும் இதை ஓரளவு உணர்ந்திருந்தனர் போலும்: ஒரு வேதத்தையும் ஒரு பாடியத்தையும் ஓதி உணர்ந்தவனுக்குக் கால் வேலி வேண்டியதில்லை, அரைக்கால் வேலியே போதும் என்று விதியைத் தளர்த்தியிருக்கின்றனர். நிலத்தால் அளந்தவர்களே நிலம் சரியான அளவுகோலன்று என்பதற்கு இடம் விட்டிருக்கின்றனர்.

பட்டியல் எழுதும் அறையிற் கல்லூரி ஆசிரியரும் ஒருவகையில் அமர்ந்திருக்கின்றார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. தமிழ்நாட்டிற் கூட்டு வளாக நேர்காணல் என்றொரு முறை உண்டு. ஒரு கல்லூரிக்கு நிறுவனம் வரும்போது, அயலிலுள்ள நாலைந்து சிறு கல்லூரிகளின் மாணவரும் அங்கே வந்து அதே தேர்வை எழுதலாம். நிறுவனத்துக்கு இதனாற் கூடுதற் செலவு பெரிதாக ஒன்றுமில்லை. நிறுவனம் இசைந்தாலும், வரவேற்கும் கல்லூரியே தயங்குவதுண்டு: நூறு இடங்களில் இருபது அயலார்க்குப் போனால், நம் பிள்ளைகளுள் இருபது பேர்க்கு நாம் என்ன விடை சொல்வது? அந்த இருபது பேரும் நாள்தோறும் கண்முன் அமர்ந்திருப்பவர். அவர்களின் பெற்றோர் கட்டணம் கட்டியவர். அடுத்த ஆண்டு விளம்பரத்தில் அச்சிடவேண்டிய எண் அவர்களால் உயர்வது. அயற்கல்லூரி மாணவனோ முகமறியாதவன். தன் மாணவனுக்காக அஞ்சும் ஆசிரியரிடம், அந்த முகமறியாதவன் பெயரால் அவ்விருபது இடங்களை விட்டுக்கொடுக்கும்படி கேட்க எனக்குத் துணிவு வருமா என்று எண்ணிப் பார்க்கின்றேன். கேட்கத்தான் வேண்டும் என்றே தோன்றுகின்றது. அவர் மறுத்தால், நிறுவனத்தார் தம் தரப்பில் சொன்ன அதே விடையைத்தான் சொல்லியிருப்பார்: காணாத ஒருவர்க்கு நான் என்ன கடன் பட்டேன்?